விமானம் நிறைந்துதான் போகிறது, அப்புறம் ஏன் நிறுத்துகிறார்கள்?

பாளையங்கோட்டையிலிருந்து எழுதியிருக்கும் அண்ணாச்சியின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவரும் அவர் மனைவியும் திருவனந்தபுரத்தில் ஏறி, துபாய் வழியாக லாஸ் ஏஞ்சலஸ் போய், மகள் வீட்டில் சில வாரம் இருந்துவிட்டு, அங்கிருந்து சியாட்டிலில் இருக்கும் மகனைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. திரும்புவதும் லாஸ் ஏஞ்சலஸ் வழியாகத்தான். லாஸ் ஏஞ்சலஸ் – சியாட்டில் டிக்கெட்டை மட்டும் தனியாக ஓர் அமெரிக்க நிறுவனத்தில் எடுத்திருக்கிறார்கள். அந்த நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து விட்டுக்கொண்டிருந்த பல வழித்தடங்களை ஒரே அறிவிப்பில் நிறுத்திவிட்டது. இவர்கள் டிக்கெட்டும் அதோடு ரத்து. "போன தடவை போனபோது ஒரு சீட்கூடக் காலியில்லை. அவ்வளவு பெரிய ஊரில் கூட்டம் இல்லாமலா போய்விட்டது? கம்பெனி மூழ்கப்போகிறதா? நாளைக்கு நம்ம தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்துக்கும் இதே கதிதானா?" என்று கேட்டிருக்கிறார்.

அவர் உண்மையில் கேட்பது இது என்று நினைக்கிறேன்: நிறைந்து ஓடுகிற ஒன்றை ஒருவர் நிறுத்துகிறார் என்றால், ஒன்று அவருக்குக் கணக்குத் தெரியவில்லை, இல்லையென்றால் கையில் காசு தீர்ந்துவிட்டது. இரண்டில் எது? பெரும்பாலான சமயங்களில் இரண்டும் இல்லை. விமான நிறுவனத்தில் வழித்தடம் திட்டமிடும் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்தவன் என்கிற முறையில் இதைச் சொல்கிறேன். எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, எந்த விமானத்தை அனுப்புவது என்று முடிவெடுக்கிற மேசை அது. அங்கே ஒவ்வொரு வாரமும் ஒரு தாள் வரும். எல்லா வழித்தடங்களும் அதில் வரிசையாக இருக்கும். அதிகம் சம்பாதிப்பது மேலே, கையைக் கடிப்பது கீழே. சீட் எத்தனை நிறைந்தது என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. ஆனால் வரிசை அதை வைத்துப் போட்டதல்ல.

ஏனென்றால் சீட் நிறைவது வேறு, பணம் வருவது வேறு. கணக்குக்காக நானே சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். 180 சீட் உள்ள ஒரு விமானத்தில் 170 பேர், சராசரியாக 4,000 ரூபாய் கொடுத்து ஏறினால் வரவு 6,80,000. அதே விமானம் வேறோர் ஊருக்கு 140 பேருடன், சராசரியாக 6,000 ரூபாயில் போனால் வரவு 8,40,000. தூரம் ஒன்றுதான், எரிபொருளும் விமானிகளும் வாடகையும் ஒன்றுதான். நாற்பது சீட் காலியாகப் பறந்த விமானம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொண்டுவந்திருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பயணிக்குக் கூட்டம் தெரியும். பக்கத்து சீட்காரர் எவ்வளவு கொடுத்தார் என்பது தெரியாது. இன்னொன்று, நாம் போகிற நாளில்தான் எல்லாரும் போகிறார்கள். பொங்கல் முடிந்து நம்ம ஊரிலிருந்து சென்னை கிளம்பும் ஆம்னி பஸ்ஸில் இடம் கிடைக்காது. அதே பஸ் மறுநாள் சென்னையிலிருந்து எத்தனை பேரோடு திரும்புகிறது என்று பார்த்தால்தான் முதலாளியின் கணக்குப் புரியும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் நிறைந்து போன லாஸ் ஏஞ்சலஸ் விமானம் பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமையில் எப்படிப் போகும் என்பதையும் அந்தத் தாள் கணக்கில் எடுக்கும்.

சரி, ஊர் பெரியது, ஆள் நிறைய. அங்கே ஏன் விலை ஏற்ற முடியவில்லை? ஊர் பெரியது என்பது எல்லாருக்கும் தெரியும், அதுதான் காரணம். அட்லாண்டாவில் பறக்கும் பயணிகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு டெல்டா நிறுவனத்திடம். டல்லஸ் ஃபோர்ட்வொர்த்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதைவிடவும் பலம். லாஸ் ஏஞ்சலஸ் அப்படி இல்லை. டெல்டா, அமெரிக்கன், யுனைடெட், சவுத்வெஸ்ட், அலாஸ்கா என்று ஐந்து பேர் மோதுகிறார்கள். முதலிடத்தில் இருப்பவருக்கே ஐந்தில் ஒரு பங்கு சுற்றித்தான். அங்கே ஒருவர் விலையைக் குறைத்தால் மற்றவர்களும் அன்றைக்கே குறைத்தாக வேண்டும். டிக்கெட் தேடுகிறவர் விலை வரிசையில் முதலில் தெரிவதைத்தான் அமுக்குவார். அவசரத்துக்கு அதிக விலை கொடுக்கும் ஆள், அதாவது கம்பெனிச் செலவில் போகிறவர், விலையைப் பார்ப்பதில்லை. ஆனால் அவர் ஒரு நாளைக்குப் பத்து முறை பறக்கிற நிறுவனத்தைத்தான் தேடுவார், ஆறு மணி விமானம் தவறினால் ஏழரைக்கு இன்னொன்று இருக்கும் என்பதற்காக. ஒரு நாளைக்கு இரண்டு விமானம் விடுகிற நிறுவனத்துக்கு மிஞ்சுவது விலை பார்த்து ஏறுகிற கூட்டம் மட்டும். விமானம் நிறையும், பை நிறையாது.

உங்கள் நிறுவனத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அதனால் எல்லாரும் அறிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜெட்புளூ நிறுவனம் நியூயார்க்கில் வேரூன்றியது. மேற்குக் கரையில் 2001 முதல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்து ஊரான லாங் பீச்சைத் தளமாக வைத்திருந்தது. அது சின்ன விமான நிலையம், இரைச்சல் கட்டுப்பாட்டால் ஒரு நாளைக்கு இத்தனை விமானம்தான் என்று வரம்பு உண்டு. அங்கிருந்து வெளிநாட்டு விமானம் விடச் சுங்கச் சோதனை வசதி கேட்டார்கள், நகரசபை 2017இல் மறுத்துவிட்டது. 2020 அக்டோபரில் லாங் பீச்சை மூடிவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் பெரிய நிலையத்துக்கே போனார்கள். 2025க்குள் அங்கிருந்து நாளொன்றுக்கு 70 விமானம் என்று அறிவிப்பும் வந்தது. கொரோனாவில் எல்லாரும் சுருங்கிக் கிடந்த நேரம், இடம் கிடைத்தது, பிடித்துக்கொண்டார்கள். அன்று அந்த மேசையில் நான் இருந்திருந்தாலும் அதைத் தப்பு என்று சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் கொரோனா போனதும் பெரியவர்கள் திரும்பி வந்தார்கள். 2024 ஜனவரியில் ஸ்பிரிட் என்ற இன்னொரு விமான நிறுவனத்தை வாங்கும் திட்டத்தை நீதிமன்றம் தடுத்தது. மார்ச்சில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அதே மாதம் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, மயாமி போன்ற பல தடங்களை நிறுத்துவதாக அறிவித்தார்கள். நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் போகிற நீண்ட தடங்களை வைத்துக்கொண்டார்கள். எதை விட்டார்கள், எதை வைத்தார்கள் என்று பாருங்கள். வைத்துக்கொண்டவற்றில் ஒரு முனை அவர்களுடைய சொந்த ஊர். விட்டவற்றில் பலவற்றுக்கு இரண்டு முனையும் அடுத்தவர் ஊர். நீங்கள் போகவிருந்த சியாட்டிலும் அலாஸ்காவுக்கும் டெல்டாவுக்கும் கோட்டை. மூன்றாவதாக ஒருவர் லாஸ் ஏஞ்சலஸுக்கும் சியாட்டிலுக்கும் நடுவே பறப்பது எவ்வளவு கடினம் என்று இதிலிருந்தே தெரியும்.

ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது 2018இல். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சிகாகோவிலிருந்து பெய்ஜிங்குக்கும் ஷாங்காய்க்கும் விட்ட விமானங்களை அந்த ஆண்டு நிறுத்தியது. எரிபொருள் விலை ஏற்றத்தையும் நஷ்டத்தையும் காரணமாகச் சொன்னார்கள். டல்லஸிலிருந்து அதே இரண்டு ஊருக்குப் போனவற்றை நிறுத்தவில்லை. சிகாகோ டல்லஸைவிட எந்த வகையில் குறைந்த ஊர்? குறைந்ததில்லை. ஆனால் சிகாகோவில் யுனைடெட் எதிரே உட்கார்ந்து அதே இரண்டு ஊருக்கும் பறந்துகொண்டிருந்தது. டல்லஸில் எதிரே அப்படி யாருமில்லை. சுற்றுவட்டாரச் சின்ன ஊர்ப் பயணிகளெல்லாம் அமெரிக்கன் விமானத்தில் வந்து அதன் விமானத்திலேயே மாறி ஏறுவார்கள்.

இந்த மாறி ஏறுகிற கூட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், வெளியில் இருப்பவர்கள் கவனிக்காத இடம் இது. ஹப் என்பது இருபது ஊரிலிருந்து விமானங்களை ஏறக்குறைய ஒரே நேரத்தில் இறக்கி, ஆட்களை மாற்றி ஏற்றி, மறுபடி இருபது ஊருக்கும் அனுப்புகிற ஏற்பாடு. இருபது ஊர் என்றால் அவற்றுக்குள் 190 ஜோடி. அதில் இரண்டே ஊரை எடுத்துவிட்டால் மிச்சம் 153 ஜோடிதான். பத்தில் ஒரு பங்கு விமானத்தைக் குறைத்தால் ஐந்தில் ஒரு பங்கு இணைப்புகள் போய்விடுகின்றன. அப்படிப் போன பயணிகள் மிச்சமிருக்கும் பதினெட்டு விமானங்களிலும் விமானத்துக்கு நாலைந்து சீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள். ஆகவே அந்தப் பதினெட்டும் பலவீனமாகும், அதில் கடைசி இரண்டும் தாளின் அடிக்கு வரும். போட்டி மிகுந்த ஊரில் ஹப்பைக் குறைக்க ஆரம்பித்தால் பாதியில் நிறுத்துவது கஷ்டம் என்பது இதனால்தான். டல்லஸில் டெல்டாவுக்கும் ஒரு காலத்தில் பெரிய ஹப் இருந்தது, அமெரிக்கனுக்கு எதிராக. 2005 ஜனவரி முடிவில் நாளொன்றுக்கு 250க்கு மேல் இருந்ததை 21 ஆக்கினார்கள். படிப்படியாக இல்லை, ஒரே வெட்டு. அந்த விமானங்களை அட்லாண்டா, சின்சினாட்டி, சால்ட் லேக் சிட்டி ஆகிய தங்கள் ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். ஆனாலும் அதே ஆண்டு செப்டம்பரில் டெல்டா திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பின்னர் மீண்டு, இன்று பலமாக நிற்கிறது. டல்லஸிலிருந்து எடுத்ததை வைத்த சின்சினாட்டியையும் பின்னால் வெட்டினார்கள். வெட்டியதால் பிழைத்ததா, வெட்டியும் பிழைத்ததா என்று இன்றைக்கும் எங்கள் துறையில் ஒரே பதில் கிடையாது. என் அபிப்பிராயம், டல்லஸை விட்டது சரி. பத்து வருடம் முன்னாலேயே விட்டிருக்கலாம்.

இவ்வளவும் ஒரு விமானத்துக்கு எங்கே நல்ல வேலை என்கிற கேள்விதான். சில சமயம் விமானமே இருக்காது. 2023 ஜூலையில் பிராட் அண்ட் விட்னி நிறுவனம் தன் புதுவகை எஞ்சின்களின் உலோகத்தூளில் குறை இருப்பதாகச் சொன்னது. உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான ஏர்பஸ் விமானங்கள் சோதனைக்காக நின்றன. ஜெட்புளூவுக்கும் அடி, நம்ம இண்டிகோவுக்கும் அடி. அந்த எஞ்சின் தொல்லையைக் காரணம் காட்டி அதற்கு முன்பே, 2023 மே மாதம், கோ ஃபர்ஸ்ட் பறப்பதையே நிறுத்திவிட்டது. கையில் இருக்கும் விமானம் குறைந்தால் தாளின் அடியிலிருந்துதான் எடுப்பார்கள்; போட்டி ஊரில் மூன்றாமிடத்தில் பறக்கும் தடங்கள் அங்கேதான் இருக்கும்.

அப்படியானால் மூழ்குகிறதா என்கிற கேள்வி. இங்கே நிச்சயத்தை விட்டு ஊகத்துக்கு வந்துவிட்டோம், அதைச் சொல்லியே ஆக வேண்டும். தனித்தனித் தடத்தின் லாப நஷ்டத்தை எந்த நிறுவனமும் வெளியிடாது. அறிவிப்பில் சொல்லும் காரணம் பாதிதான் உண்மையாக இருக்கும்; விமான நிலையத்தோடு வாடகைப் பேரமோ விமானிகள் பற்றாக்குறையோ மீதியாக இருக்கலாம். ஆனாலும் வெளியிலிருந்து பார்த்து ஓரளவு சொல்ல ஒரு வழி உண்டு: நிறுத்திய தடத்தின் விமானம் எங்கே போகிறது என்று பாருங்கள். தங்களுக்குப் பலமான ஊருக்குப் போனால் அது கிளை வெட்டுவது. விமானத்தை வாடகைக்கு விட்ட குத்தகைக்காரர் கைக்குத் திரும்பிப் போனால் கவலைப்பட வேண்டும். ஜெட் ஏர்வேஸில் 2019 தொடக்கத்தில் நடந்தது அதுதான். வாடகை பாக்கிக்காகக் குத்தகை நிறுவனங்கள் விமானங்களை ஒவ்வொன்றாக நிறுத்தின, சம்பளம் தள்ளிப்போனது, ஏப்ரல் 17ஆம் தேதியோடு பறப்பது நின்றது. தடங்களைக் குறைத்ததை யாரும் பெரிதாக எண்ணாத நேரத்தில், சம்பளம் வராததை ஊழியர்கள் வெளியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் கவனிக்க வேண்டும். உங்கள் நிறுவனம் நிறுத்திய தடங்களோடு சேர்த்து வேறு ஊரிலிருந்து புதுத் தடங்களையும் அதே வாரத்தில் அறிவித்திருந்தால், நான் பயப்பட மாட்டேன்.

வாகைக்குளத்துக்கு வருவோம். இது நம்ம ஊர் விஷயம், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். தூத்துக்குடி விமான நிலையம் 1992இல் திறந்தது. ஓடுதளம் 1,350 மீட்டர் சுமாருக்குத்தான் இருந்ததால் பல வருடங்கள் விசிறி சுழலும் சின்ன விமானங்கள் மட்டுமே வந்தன: ஸ்பைஸ்ஜெட்டின் கியூ400, அப்புறம் இண்டிகோவின் ஏடிஆர். பின்பக்கப் படியில் ஏறி, குனிந்து உள்ளே போகிற அந்த ஏடிஆரில் இண்டிகோ வைத்திருப்பது 78 சீட். 80க்குக் கீழே இருப்பதில் லாபம் உண்டு. 80 சீட்டுக்குக் குறைந்த உள்நாட்டு விமானங்களுக்கு இந்திய விமான நிலையங்களில் பொதுவாகத் தரையிறங்கும் கட்டணம் கிடையாது. அதோடு விமான எரிபொருளுக்குத் தமிழ்நாட்டில் 29 விழுக்காடு வரி. ஆனால் மத்திய விற்பனை வரிச் சட்டப்படி இந்த வகைச் சின்ன விமானத்துக்கு ஊற்றும் எரிபொருளுக்கு மாநிலம் 5 விழுக்காட்டுக்கு மேல் போட முடியாது. நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் இத்தனை காலம் பறந்ததற்கு இந்த இரண்டு சலுகையும் பெரிய காரணம்.

இப்போது ஓடுதளம் 3,115 மீட்டர். 450 கோடி ரூபாய் அளவில் செலவழித்துக் கட்டிய புது முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. ஏர்பஸ் இறங்கலாம். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், பெரிய விமானம் எப்போது வரும் என்று. வரட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் ஏர்பஸ் வந்தால் மேலே சொன்ன இரண்டு சலுகையும் அதற்குக் கிடையாது. 78 சீட்டை நிறைக்கிற ஊர் 180 சீட்டை நல்ல விலைக்கு நிறைக்குமா என்பதுதான் கேள்வி. தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்து ஆட்கள் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்விடுகிறார்கள். 2023 செப்டம்பரிலிருந்து திருநெல்வேலி – சென்னை வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுவிடுகிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் தூங்கிப் போகிறவர்கள் எப்போதும் போல இருக்கிறார்கள். மறுபக்கம் துறைமுகம் இருக்கிறது, வின்ஃபாஸ்ட் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்திருக்கிறது, குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் எழும்புகிறது. கம்பெனிச் செலவில், கடைசி நேரத்தில், அதிக விலையில் டிக்கெட் எடுக்கும் ஆட்களை இவைதான் கொண்டுவரும். ஒரு தடத்தைக் காப்பாற்றுவது அவர்கள்தான், விடுமுறைக்குப் போகிற நாமல்ல.

லாஸ் ஏஞ்சலஸ் கதி வாகைக்குளத்துக்கு வருமா என்றால், அந்த விதமாக வராது. அங்கே ஆபத்து போட்டியால். இங்கே போட்டியே குறைவு. இங்கே ஆபத்து வேறு: விமானமோ விமானியோ பற்றாக்குறை வந்தால் சின்ன ஊர்ச் சேவையில் கை வைப்பது சுலபம். 2025 டிசம்பரில் விமானிகளின் பணிநேர விதி மாறியபோது இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததும், அரசு அதன் அட்டவணையில் 10 விழுக்காட்டைக் குறைக்கச் சொன்னதும் நினைவிருக்கும். ஒரே நிறுவனத்தைப் பெரிதும் நம்பியிருக்கும் ஊருக்கு அப்படியொரு வாரம் மிகவும் கஷ்டம். அதனால் நம்ம வணிகர் சங்கங்கள் பெரிய விமானம் கேட்பதைவிட இரண்டாவது நிறுவனம் ஒன்று நிலையாகப் பறக்கக் கேட்டால் நல்லது என்பது என் கருத்து. காலையில் ஒரு நிறுவனம், மாலையில் ஒரு நிறுவனம், இரண்டும் 78 சீட் என்றாலும் போதும்.

இனி உங்கள் டிக்கெட், அண்ணாச்சி. நிறுவனமே ரத்து செய்ததால், அவர்கள் தரும் மாற்று விமானமோ வவுச்சரோ வேண்டாமென்றால், முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள அமெரிக்க விதிப்படி, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ஏழு வேலை நாளிலும், வேறு விதமாகக் கட்டியிருந்தால் இருபது நாளிலும் பணமாகவே தர வேண்டும். இந்தியர் என்பதால் அதில் வித்தியாசம் இல்லை. ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் யார் பெயரில் கார்டு பில் வந்ததோ அவரிடம் கேளுங்கள். மாற்று மின்னஞ்சலில் 'ஏற்றுக்கொள்கிறேன்' பொத்தானை அவசரப்பட்டு அமுக்கிவிடாதீர்கள். அமுக்கினால் பணம் கேட்கும் உரிமை போய்விடும். லாஸ் ஏஞ்சலஸ் – சியாட்டில் தடத்தில் அலாஸ்காவும் டெல்டாவும் நாள் முழுக்கப் பறக்கின்றன, இடத்துக்குக் கவலையில்லை. ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று உள்நாட்டு விமானத்தில் தனியாக வாங்குவார்கள். வத்தலும் பொடியும் கட்டிய இரண்டாவது பெட்டியை மகள் வீட்டிலேயே பாதியாகப் பிரித்துவிடுங்கள். அப்புறம் ஒன்று, துபாய் வழியாக நீங்கள் போவது எமிரேட்ஸ் என்றால் அவர்கள் சியாட்டிலுக்கும் நேரடியாகப் பறக்கிறார்கள். திரும்பும் டிக்கெட்டைச் சியாட்டில் – துபாய் – திருவனந்தபுரம் என்று மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். கட்டண வித்தியாசம் சிறிதாக இருந்தால், லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்பி வரும் உள்நாட்டு டிக்கெட்டை எடுக்கவே வேண்டாம்.